பழைய பாத்திரம் கழுவும் பொறி: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் முன்னால் இரண்டு பாத்திரம் கழுவும் பொறிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் 9,000 ரூபாய்தான் விலை. முதற்பொறியின் பக்கத் தகடு லாரியில் அடிபட்டு உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருக்கிறது. மேற்பலகையில் இரண்டு கீறல்கள். இரண்டாவது பொறி வெளியே கண்ணாடிபோல் பளபளக்கிறது. ஆனால் கதவைத் திறந்தால், உள்ளே அடித்தளத்தில் உப்பு ஊற்றும் மூடியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள். நீர் பீய்ச்சும் துளைகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. இவற்றில் எதை வாங்குவீர்கள்?

பெரும்பாலோர் பளபளப்பானதைத்தான் விரும்புவார்கள். ஆனால் பொறி வேலை செய்யும் விதம் தெரிந்தவர் நசுங்கிய பொறியைத் தேர்ந்தெடுப்பார். அதற்கான காரணத்தைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

பாத்திரம் கழுவும் பொறி நம் நாட்டில் நெடுங்காலம் பணக்கார வீட்டுப் பொருளாகவே இருந்தது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டு வேலைக்கு வருபவர்கள் வர முடியாமல் போகவே, நகரங்களில் பலர் அவசர அவசரமாக இதை வாங்கினார்கள். அவர்களில் சிலர் வீடு மாறும்போதும் வெளிநாடு போகும்போதும் அதை விற்கிறார்கள். புதியது முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று விலை சொல்லும்போது, அதில் நான்கில் ஒரு பங்குக்குப் பழையது கிடைத்தால் ஆசை வருவது இயல்பே. இந்த ஆசையை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. மணிக்கட்டு வாதத்தால் அவதிப்படும் முதியவர், சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்கில் புண்ணோடு பாத்திரம் துலக்கும் பெண், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பித் தொட்டி நிறைய எச்சில் பாத்திரங்களைப் பார்ப்பவர் ஆகியோருக்கு இது ஒரு தேவை. ஆனால் அவர்கள் கையில் இருப்பதோ ஒரே ஒரு பத்தாயிரம் ரூபாய். தவறான பொறியில் அதைப் போட்டுவிட்டால் மறுபடி ஒரு பத்தாயிரம் சேர்வதற்கு வெகு நாளாகும்.

பாத்திரம் அசையாது, நீர்தான் ஓடும்

கையால் துலக்கும்போது நாம் நாரைப் பாத்திரத்தின் மேல் ஓட்டுகிறோம். இந்தப் பொறியில் நாரும் இல்லை, தூரிகையும் இல்லை. பாத்திரங்கள் கம்பித் தட்டில் அசையாமல் நிற்க, சூடான நீர் அவற்றின்மேல் வேகமாகப் பாய்கிறது. இந்தக் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி. 1886-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய பொறிகள் வைக்கப்பட்டன. உணவு விடுதிகள் அவற்றை வாங்கின. வீடுகளில் அன்று அவ்வளவு வெந்நீருக்கு வழியில்லாததால் வீட்டுக்குள் அது நுழைய வெகுகாலம் பிடித்தது.

இன்றைய பொறியின் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு மின் வால்வு திறந்து மூன்று அல்லது நான்கு லிட்டர் நீரை உள்ளே விடுகிறது. அந்நீர் அடியிலுள்ள குழியில் தேங்குகிறது. வெப்பமேற்றி அதை ஐம்பது, அறுபது டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்குகிறது. ஒரு பம்ப்பு அந்நீரை உறிஞ்சி, கீழும் மேலும் உள்ள தெளிப்புக் கைகளுக்குள் தள்ளுகிறது. துளைகள் வழியே பீறிடும் நீர் பாத்திரங்களில் மோதிக் கீழே வழிந்து, வடிகட்டியைக் கடந்து, மீண்டும் அதே குழிக்கு வருகிறது. மறுபடியும் பம்ப்பு அதையே உறிஞ்சுகிறது. ஒரே நீர் நூற்றுக்கணக்கான தடவை சுற்றிவருகிறது. அழுக்கேறியபின் வேறொரு சிறு பம்ப்பு அதை வெளியேற்றிவிடுகிறது, புதுநீர் நுழைகிறது. இப்படி மூன்று நான்கு முறை. இதனால்தான் ஒரு முழுக் கழுவலுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லிட்டர் நீர் போதுமானதாகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஊற்றும் குழாயை இரண்டே நிமிடம் திறந்துவைத்தால் 12 லிட்டர் போய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். (குண்டானில் நீரை மொண்டு வைத்துக்கொண்டு அளந்து அளந்து கழுவும் பாட்டிகளிடம் இந்தப் பொறி தோற்றுப்போகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

தெளிப்புக் கை சுற்றுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. துளைகளில் சில சற்றுச் சாய்வாக இருக்கும். நீர் ஒரு பக்கமாகப் பாய, கை எதிர்ப்பக்கமாக நகர்கிறது. புல்வெளியில் நீர் தெளிக்கும் சுழல்குழாயும் இவ்விதமே சுற்றுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். துளைகள் அடைபட்டால் எதிர்விசை குறையும், கை நின்றுவிடும், தட்டுகளில் ஒரு பகுதி மட்டும் கழுவப்பட்டு மறுபகுதி சோற்றுப் பசையோடு இருக்கும். “மோட்டாரில் சக்தி போய்விட்டது” என்று விற்பவர் சொல்வார். உண்மையில் ஒரு குண்டூசியும் எலுமிச்சைச் சாறும் போதும்.

அழுக்கை நீக்க நான்கு காரணிகள் கூடி வேலை செய்ய வேண்டும் என்று ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1959-இல் எடுத்துக்காட்டினார்: வேதிப்பொருள், வெப்பம், விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். கையால் தேய்க்கும்போது விசை அதிகம், ஆகவே நேரம் குறைவு. பொறியிலோ நீரும் மின்சாரமும் மிச்சப்படுத்தப்படுகின்றன. அந்தக் குறையை நேரத்தால் ஈடுகட்டுகிறார்கள். சிக்கன முறையில் ஒரு கழுவலுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். இது பழுதன்று. “மூன்று மணி நேரம் ஓடுகிறது, கெட்டுவிட்டது” என்று நல்ல பொறியை விற்பவர்களும் உண்டு. அதை அறிந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு.

உப்புத் தண்ணீரின் கைவரிசை

இனி, தொடக்கத்தில் சொன்ன பழுப்புப் புள்ளிகளுக்கும் வெள்ளைப் பொடிக்கும் வருவோம்.

நம்மில் பலர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகிறோம். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இதைக் கடின நீர் என்கிறோம். குளிர்ந்த நீரில் கால்சியம் பைகார்பனேட் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் காரைபோல் ஒட்டியிருப்பது இதுதான். பொறியில் இது வெப்பமேற்றியின் மேலும், தெளிப்புத் துளைகளிலும், வெப்பத்தை அளக்கும் உணர்வியின் மேலும் படிகிறது. காரை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெப்பமேற்றி நீரைச் சூடாக்காமல் தானே அளவுக்கு மீறிச் சூடேறி விரைவில் எரிந்துபோகிறது.

இதைத் தடுக்கப் பெரும்பாலான பொறிகளில் ஒரு மென்னீராக்கி இருக்கிறது. அது அயனி மாற்றுப் பிசின் என்னும் சிறுசிறு மணிகள் நிறைந்த ஒரு பெட்டி. மணிகளில் சோடியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடின நீர் பாயும்போது கால்சியம் மணியில் அமர்ந்துகொள்ள, சோடியம் எழுந்து நீரோடு போகிறது. மணிகளில் எல்லா இடமும் கால்சியத்தால் நிறைந்துவிட்டால் என்ன செய்வது? அடர்ந்த உப்புக் கரைசலை அதன் வழியே செலுத்தினால் சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்காகத்தான் பொறியின் அடியில் உப்பு போடும் வாய் இருக்கிறது. பாத்திரத்தைக் கழுவுவது உப்பன்று; மணிகளைக் கழுவுவதே உப்பு. இதற்கென்று விற்கும் பருமனான தூய உப்பையே போட வேண்டும். சமையல் தூள் உப்பில் கட்டிதட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் மென்னீராக்கியை அடைத்துவிடும்.

உப்பு போடும்போது சிறிது சிந்தும். உப்புக் கரைசலும் வழியும். உடனே பொறியை ஓட்டி அதைக் கழுவிவிட வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. அப்படிச் செய்யாமல் விட்டால் குளோரைடு அயனிகள் எவர்சில்வரின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக் குழிக்குழியாக அரிக்கும். ஆகவே உப்பு மூடியைச் சுற்றியுள்ள பழுப்புப் புள்ளிகள் பழைய சொந்தக்காரரின் கைப்பழக்கத்தைச் சொல்லிவிடுகின்றன. துளைகளில் வெள்ளைப் பொடி இருந்தால் அவர் பல மாதங்கள் உப்பே போடவில்லை, அல்லது நீரின் கடினத்தன்மைக்கு ஏற்றபடி பொறியைத் திருத்தி வைக்கவில்லை என்று பொருள். அதே காரை, கண்ணுக்குத் தெரியாத வெப்பமேற்றியிலும் இருக்கும். வெளிப்பளபளப்பு இதில் எதையும் மாற்றாது. நசுங்கிய பக்கத் தகடோ வெறும் உறை. அதற்கும் கழுவும் வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

உங்கள் வீட்டு நீர் எப்படிப்பட்டது என்பதையும் வாங்குமுன் அறிய வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை: ஒரே அளவான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் அரைப்பங்கு மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், மற்றதில் அதே அளவு உங்கள் குழாய் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குளியல் சோப்பைச் சீவி இரண்டிலும் சம அளவு போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். (சலவைத்தூள் கூடாது, அது கடின நீரிலும் நுரைக்கும்.) மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். குழாய் நீரில் நுரையின்றித் தயிர்போல் திரிந்தால் அது கடின நீர். கோவையில் சிறுவாணி நீர் வரும் வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மொத்தக் கடினத்தன்மை என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கிறார்கள். பொறிகளின் கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று ஓர் அளவு வரும். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். 50 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தால் அது ஏறத்தாழ 890 மில்லிகிராம். தண்ணீர் சுத்திகரிப்புப் பொறி விற்பவர் கையில் வைத்திருக்கும் சிறு மீட்டர் காட்டும் எண்ணை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும். கடலோர ஊர்களில் நீரில் சோடியம் குளோரைடே மிகுதியாக இருக்கலாம். அதை மென்னீராக்கியால் ஒன்றும் செய்ய முடியாது. அத்தகைய நீரில் பாத்திரத்தில் வெண்புள்ளிகளும், பொறியில் அரிப்பும் தவிர்க்க முடியாதவை. அங்கே இருப்பவர் இந்த எண்ணத்தையே கைவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மேல்தொட்டி எவ்வளவு உயரம்?

விற்பவர் வீட்டில் நன்றாக ஓடிய பொறி, வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் “நீர் வரவில்லை” என்று விளக்கெரித்து நின்றுவிடுவது உண்டு. வாங்கியவர் ஏமாற்றப்பட்டோம் என்று நினைப்பார். குற்றவாளி பெரும்பாலும் மொட்டை மாடித் தொட்டி!

நீரை உள்ளே விடும் வால்வைப் பாருங்கள். அதிலுள்ள மின்சுருளின் காந்தம் மிகச் சிறியது. வால்வின் ரப்பர்ச் சவ்வை நேரடியாகத் தூக்க அதற்கு வலு இல்லை. அது ஒரு நுண்துளையை அடைத்திருக்கும் முளையை மட்டும் இழுக்கிறது. துளை திறந்ததும் சவ்வின் மேற்புறத்து நீர் வடிந்து அழுத்தம் குறைய, கீழ்ப்புறத்து நீரின் அழுத்தமே சவ்வைத் தூக்கி வழி விடுகிறது. கதவைத் திறக்கும் வேலையை நீரே செய்கிறது. ஆகவே போதிய அழுத்தம் இல்லாவிட்டால் வால்வு சரியாகத் திறக்காது. சில வேளை சரியாக மூடவும் செய்யாது.

பொறிகளுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் தேவை என்று கையேடுகள் கூறும். பத்து மீட்டர் உயர நீர்க்கம்பம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். அப்படியானால் 0.5 பாருக்கு ஐந்து மீட்டர் உயரம் வேண்டும். தனி வீட்டில், மூன்று மீட்டர் உயரக் கூரைமேல் தரையோடு வைத்த தொட்டி பாதி நிறைந்திருந்தால் பொறிக்குக் கிடைப்பது மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். விளிம்பில் நிற்கிறது. தொட்டி காலியாகக் காலியாக இன்னும் குறையும். அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. தொட்டிக்கு நேர் கீழே குடியிருக்கும் மேல்மாடிக்காரருக்குத்தான் தொல்லை. சமையலறைக் குழாயில் பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறதா என்று முதலில் பாருங்கள். நிரம்பாவிட்டால், தொட்டியை உயர்த்தும் செலவையோ, அழுத்தம் கூட்டும் சிறு பம்ப்பின் விலையையோ பொறியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதே காரணத்தால், “நீர் ஏறவில்லை” என்று மலிவாக விற்கும் பொறி உண்மையில் பழுதற்றதாக இருக்கலாம். குழாயை வால்வோடு திருகும் இடத்தில் ஒரு சிறு சல்லடை இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணலும் துருவும் அடைத்திருந்தால் உங்களுக்கு யோகம்தான்.

எந்தப் பழுது மலிவு, எந்தப் பழுது விலை மிக்கது?

பழுதான பொறியைக் குறைந்த விலைக்கு வாங்கித் திருத்திக்கொள்ளலாம் என்பவர்கள், பழுது எங்கே என்று தெரிந்த பின்பே பணத்தை எடுக்க வேண்டும்.

வெளியேற்றும் பம்ப்பு நின்றுபோவது மிகச் சாதாரணம். எலுமிச்சை விதை, கறிவேப்பிலைக் காம்பு, உடைந்த கண்ணாடிச் சில்லு ஏதேனும் அதன் விசிறியில் சிக்கியிருக்கும். வடிகட்டியைத் திருகி எடுத்து, பஞ்சால் நீரை ஒற்றிவிட்டு, டார்ச் விளக்கால் பார்த்தால் தெரியும். (கையை விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.) கதவு “தொம்” என்று விழுகிறதா? பக்கத்திலுள்ள ஸ்பிரிங்கோ அதன் கயிறோ அறுந்திருக்கும். சிறிய செலவுதான். கம்பித் தட்டின் பிளாஸ்டிக் உறை உரிந்து துருப்பிடித்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் புதுத் தட்டு எதிர்பார்ப்பதைவிட விலை மிக்கது.

விசித்திரமான ஒரு பழுதும் உண்டு. பிளக்கைச் செருகியதுமே வெளியேற்றும் பம்ப்பு இரைந்துகொண்டே இருக்கும். வேறு எதுவும் நடக்காது. பலகை போய்விட்டது என்று எண்ணிக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பல பொறிகளின் அடியில் ஒரு தட்டமும், அதில் தெர்மாகோல் மிதவை ஒன்றும் உண்டு. எங்கேனும் கசிந்து தட்டத்தில் நீர் சேர்ந்தால் மிதவை எழும்பி ஒரு சுவிட்சை அழுத்தும். வீடு வெள்ளமாகாமலிருக்கப் பொறி நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பொறி தன் கடமையைச் செய்கிறது! தட்டத்து நீரைத் துடைத்துவிட்டு, கசிவு எங்கே என்று தேட வேண்டும். தளர்ந்த குழாய்ப்பிடி என்றால் திருப்புளி போதும். எலி கடித்த குழாய் என்றால் மாற்ற வேண்டும். உள்தொட்டியே அரித்து ஓட்டை விழுந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மின்னணுப் பலகை கெட்டால் அதன் விலை, நீங்கள் பொறிக்குக் கொடுக்கும் விலையையே எட்டிவிடக்கூடும். வெதுவெதுப்பைத் தேடி வரும் கரப்பான்பூச்சிகள் அங்கே குடியேறிக் குறுக்கு மின்தொடர்பு உண்டாக்கிவிடுகின்றன. முன்பலகையில் ஒரு விளக்கும் எரியாத பொறியை “சின்ன வேலைதான்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அவ்வளவு சின்ன வேலையானால் அவரே செய்துவிட்டு இரு மடங்கு விலைக்கு விற்கலாமே!

வெப்பமேற்றியைச் சோதிக்க ஓமின் விதி துணை செய்யும். 1,800 வாட் வெப்பமேற்றி 230 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம் 1,800 ÷ 230, அதாவது சற்றேறக்குறைய 7.8 ஆம்பியர். மின்தடை 230 ÷ 7.8, ஏறத்தாழ 29 ஓம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் தன் மல்டிமீட்டரை வெப்பமேற்றியின் இரு முனைகளில் வைத்தால் முப்பதை ஒட்டிய எண் வர வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அடுத்து ஒரு முனைக்கும் பொறியின் உலோக உடலுக்கும் இடையே வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் மின்கசிவு. நெடுநாள் ஓடாத வெப்பமேற்றிக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் இது நேரும். நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பொறி இது. மூன்று துளை 16 ஆம்பியர் பிளக், உண்மையாகவே நிலத்தோடு இணைந்த எர்த், கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் சாதனம் ஆகிய மூன்றும் இல்லாத வீட்டில் இதை வைக்கவே கூடாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கடைகளில் போக்குவரத்தில் அடிபட்ட புதுப்பொறியும் கிடைப்பதுண்டு. அதில் பார்க்க வேண்டியது நசுங்கலின் அளவையன்று, இடத்தை. பக்கத் தகடு, மேற்பலகை இவை போனால் போகட்டும். பம்ப்பு, குழாய், மிதவை எல்லாம் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் அடித்தட்டில் விரிசல் இருந்தால் வேண்டாம். மூலையில் விழுந்த பொறியின் சட்டம் திருகிக்கொண்டிருக்கலாம். ஒரு காகிதத் துண்டைக் கதவின் ரப்பர்ப் பட்டைக்கு இடையே வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். இரு பக்கங்களிலும் மேலேயும் பல இடங்களில் இப்படிச் செய்யுங்கள். எங்கும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால், நாளை அந்த வழியாகத்தான் நீர் வரும். பில்லும் உத்தரவாதச் சீட்டும் கையில் வராமல் பணம் தராதீர்கள்.

ஓடும் நிலையில் பார்க்க முடிந்த பொறிக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம். “போன வருடம் வரை நன்றாக ஓடியது” என்ற பொறியில் பம்ப்பின் நீர்த்தடுப்பு வளையங்கள் காய்ந்து இறுகியிருக்கும். கதவோரத்தில் ஒட்டிய தகட்டில் பொறியின் மாதிரி எண் இருக்கும்; அதைக் குறித்துக்கொண்டு, அந்த மாதிரிக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பழுதுபார்ப்பவரிடம் கேட்டபின் மறுநாள் போய் வாங்குங்கள். ஒரு நாள் தாமதத்தால் பொறி கைவிட்டுப் போனாலும் பாதகமில்லை, இன்னொன்று வரும்.

உங்கள் பாத்திரங்களையும் ஒரு பார்வை

வாங்குமுன் ஓர் இரவு, தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களை வகைப்படுத்திப் பாருங்கள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை பொறிக்கு ஏற்றவை. அலுமினியம் ஆகாது. கழுவு தூளின் காரம் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்து அதைக் கருக்க வைத்துவிடும். அலுமினியக் குக்கரும் இட்லித் தட்டும் வெளியே நிற்க வேண்டியவை. இரும்புத் தோசைக்கல் எண்ணெய்ப் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். பித்தளையும் செம்பும் நிறம் மங்கும். பெரிய கடாய் ஒன்று வைத்தால் பத்துத் தட்டுகளின் இடம் போய்விடும். உங்கள் பாத்திரங்களில் பாதிக்கு மேல் இந்த வகை என்றால், பொறி இனாமாகக் கிடைத்தாலும் சமையலறையில் இடம்தான் வீண்.

கணக்கையும் போட்டுவிடுவோம். பொறி 9,000, பழுதுபார்க்க 3,000, குழாய், பிளக் இணைப்புக்கு 1,500, ஆக 13,500 ரூபாய் என்று கொள்வோம். நான்கு ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு 281 ரூபாய். ஒரு கழுவலுக்குத் தூள், உப்பு எல்லாம் சேர்த்து 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 600. மின்சாரம் கழுவலுக்கு ஒரு யூனிட்டை ஒட்டி, மாதம் முப்பது யூனிட். பொறியின் விலையைவிட அதை ஓட்டும் செலவே பெரிது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? பழையதை வாங்கினாலும் புதியதை வாங்கினாலும் இந்தச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் இது பாதியாகும். பொறி நிறையாமல் ஓட்டுவதே உண்மையான வீண்செலவு.

சரி, வாங்கி வந்தாயிற்று. முதல் கழுவலைப் பாத்திரம் எதுவும் இன்றி ஓட்டுங்கள். தூள் போடாமல், சுமார் நூறு கிராம் சிட்ரிக் அமிலத்தை அடித்தளத்தில் தூவி, மிக அதிக வெப்பமுள்ள முறையில் விடுங்கள். கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு வினைபுரிந்து கரைந்து போகும். குளியலறை கழுவும் ஆசிட்டை ஒருநாளும் ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், காரையோடு எவர்சில்வரையும் தின்றுவிடும். தொடங்குமுன் தெளிப்புக் கைகள் இரண்டையும் ஒரே திசையில் நிறுத்தி வையுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கதவை மெல்லத் திறந்தால் அவை வேறு திசைகளில் நிற்க வேண்டும். அப்படியானால் இரண்டும் சுற்றுகின்றன. பொறியின் அடியில் பழைய நாளிதழ்களை விரித்து வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எங்கேனும் ஈரம் கண்டால், அந்த இடத்துக்கு நேர் மேலேயுள்ள குழாய் இணைப்பில் தேடத் தொடங்கலாம். தாள் காய்ந்தே இருந்தால் உப்பை நிரப்பி, உடனே மற்றொரு முறை ஓட்டிவிட்டு, அன்றிரவே தட்டுகளை அடுக்குங்கள். முகம் நடுப்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், டம்ளர்கள் கவிழ்ந்திருக்கட்டும். கறிவேப்பிலையை மட்டும் முன்பே வழித்துப் போட்டுவிடுங்கள்.